நாலு பத்துக்கு அழிந்த ஜங்ஷன்

சனிக்கிழமை, 2013 மார்ச் 16. காலை 11.40.

அறுபது திரைகள். அறுபதிலும் ஒரே வாசகம்: ‘ஜங்ஷன் என்ற நிரல் இல்லை.’

அந்த இல்லாத நிரலைப் பற்றித்தான் அதற்கு முந்தைய அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார் கணினிச் செம்மல் முனைவர் கிருஷ்ணசாமி. செம்மல் பட்டத்தை அவருக்கு வழங்கியது அவரே நடத்தும் சங்கம். முன்மொழிந்தவர் மைத்துனர், வழிமொழிந்தவர் மைத்துனரின் மைத்துனர். திண்டிவனம் மரக்காணம் சாலையிலிருந்த அவருடைய பயிற்சிக் கூடத்தில் கரண்ட் பதினொரு மணிக்குத்தான் வரும் என்பதால், நல்ல நேரத்தையும் பதினொன்றுக்கு மேல் இருப்பதாக ஜோசியரிடம் பேசி முடித்திருந்தார்.

“நேற்று மாலை ஏழு மணிக்கு, எல்லோரையும் அனுப்பிவிட்டு, தன்னந்தனியாக இந்தக் கூடத்துக்குள் நுழைந்தேன். அறுபது கணினிக்கும் என் கையாலேயே சந்தனப் பொட்டு வைத்தேன். பெற்ற தகப்பன் பிள்ளைக்கு வைப்பது போல!” என்று அவர் முழங்கியபோது முன்வரிசைத் தலைமையாசிரியர்கள் கைதட்டினார்கள். பிறகு, சென்னையிலிருந்து வந்திருந்த இணை இயக்குநர் விருத்தாசலம் பொத்தானை அழுத்தினார். பெற்ற பிள்ளை ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிளாராவுக்கு நெஞ்சு எரிந்தது. அது துக்கமல்ல, ஏமாற்றம்.

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கணினிக் கடை வைத்திருப்பவள் அவள். ‘ஜங்ஷன்’ என்ற அந்தக் கணினி விளையாட்டை அவளும் தம்பி இருதய அருணும் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினார்கள். விழுப்புரம் ஜங்ஷனுக்கு ஐந்து திசையிலிருந்தும் ரயில் வரும். ஆடுகிறவர் தண்டவாளம் மாற்றி, ஒன்றோடொன்று மோதாமல் அனுப்ப வேண்டும். சீட்டுக்கட்டு அளவில் ஒரே பலகையாக வரும் மலிவு லினக்ஸ் கணினியிலும் அது ஓடும்படி மூட்டை கட்டி, இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக விட்டிருந்தார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: செய்தவர் பெயரையும், யார் எப்போது என்ன மாற்றினார் என்ற குறிப்பேட்டையும் அழிக்கக் கூடாது. கோவில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஊரே உட்காரலாம். அதில் எழுதியிருக்கும் ‘உபயம்’ பெயரைச் சுரண்டக் கூடாது, அவ்வளவுதான்.

செம்மல் ஆள் வைத்துச் சுரண்டினார். அறுபது பள்ளிகளுக்குக் கணினி கொடுக்கும் திட்டத்தைப் பிடித்து, பலகைகளை அமைக்கும் வேலையைக் கிளாராவின் கடைக்கே கொடுத்து, கூடவே தன்னுடைய ‘திருத்திய பதிப்பு’ என்று ஒரு மூட்டையையும் கொடுத்தார். வியாழக்கிழமை கூடத்தில் அதைத் திறந்தபோது முதல் திரையில் ‘ஆக்கம்: முனைவர் கிருஷ்ணசாமி’ என்று மாலை போட்ட படத்தோடு வந்தது. அருண் அங்கேயே செம்மலோடு சண்டைக்குப் போனான். கிளாரா வாயைத் திறக்கவில்லை. இணை இயக்குநர் முன்னால், மைக்கில், அறுபது தலைமையாசிரியர் சாட்சியாகக் கேட்பதற்காகக் கேள்வியை இரண்டு நாள் தீட்டி வைத்திருந்தாள்.

இப்போது விளையாட்டே இல்லை. பழி வாங்க வந்தவளின் பழியையே எவனோ களவாடிவிட்டான்.

“சதி!” என்றார் செம்மல், மைக்கை விடாமல்.

விருத்தாசலம் கண்ணாடியைத் துடைத்தார். “அது இருக்கட்டும் சார். லெட்டர்ல கேட்டிருந்தேனே, விளையாட்டுல வளவனூர் ஸ்டேஷனை மேடையிலயே சேர்த்துக் காட்டுங்கன்னு. அதையாவது காட்டுங்களேன்.”

“மூலமே அழிந்துவிட்ட பிறகு எதைக் காட்டுவேன் ஐயா?” குரல் உடைந்தது. கண் கலங்கவில்லை என்பதைக் கிளாரா கவனித்தாள்.

11.50.

இரண்டாம் வரிசையில் விருந்தினராக உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் மாரியப்பன் மேடையேறி, மேடைமேல் இருந்த தலைமைப் பலகையின் முன் நின்றார். அறுபது பலகைகளும் கம்பியால் அதோடு இணைந்தவை. அதில் ஒரே கட்டளை கொடுத்தால் அறுபதிலும் விளையாட்டு ஏறும். இன்னொரு கட்டளையில் அறுபதிலிருந்தும் போய்விடும். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியசாமிக்கு மறக்காமலிருக்க, இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தவளே கிளாராதான்.

“இதுல யாரு எப்ப இன்னா பண்ணாங்கன்னு தெரியுமா?”

“தெரியும் சார்,” என்று கிளாரா பதிவைத் திறந்தாள்.

அழிக்கும் கட்டளை மூன்று முறை இருந்தது. முதல் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்; இயந்திரம் ஏற்கவில்லை. மூன்றாவது சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை 4.10.

திரையின் மூலையில் மணி 6.20 என்று காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் 11.50. மாரியப்பன் இரண்டையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது, வருவோர் போவோர் பெயரும் நேரமும் எழுதும் வாசல் நோட்டை.

“நேத்து நாலு மணிக்கு உள்ள போனது யாரு? ‘இருதய அருண், பென் டிரைவ் எடுக்க.’ நாலு இருபதுக்கு வெளிய வந்துகிறான். அருண் யாருப்பா?”

அருண் எழுந்தான். அவன் சட்டைப் பையில் ரயில்வே வேலை ஆர்டரின் நகல் இருந்தது. ஊர் முழுக்கக் காட்டியாகிவிட்டது. போலீஸ் நற்சான்று ஒன்றுதான் பாக்கி.

“சண்டை போட்டியா சாரோட?”

“போட்டேன் சார். ஆனா இத நான் பண்ணல.”

“சண்டையும் போட்ட, நாலு மணிக்கு உள்ளயும் போன. நாலு பத்துக்கு அழிஞ்சிகீது. இன்னும் இன்னா வேணும்? வண்டில ஏறு, ஜல்தி.”

“அக்கா,” என்றான் அருண்.

“இளங்கன்று. மன்னித்துவிடலாம் என்றுதான் மனம் சொல்கிறது,” என்றார் செம்மல் மைக்கில். “ஆனால் சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்.”

கிளாராவின் பார்வை திரை மூலையிலேயே நின்றது. 6.20. ஏமாற்றம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதற்குப் பசி இருந்தது.

“சார், கால் மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள நான் சொல்றது சரியா வரலன்னா, என்னையும் சேத்து ஏத்திக்கினு போங்க.”

விருத்தாசலம் தலையசைத்ததால் மாரியப்பனும் தலையசைத்தார்.

12.00.

“பெரியசாமி அண்ணே, நேத்து அருணு கூட உள்ள போனீங்களா?”

“பின்ன? ஐயாவோட சாமானாச்சே. கூடவே நின்னேன். டார்ச் அடிச்சித் தேடினோம், பென் டிரைவு பீரோவுக்கு அடியில கெடந்துச்சி. ஒரே புழுக்கம், தாங்கல.”

“கரண்டு எப்பெப்ப போச்சு நேத்து?”

“தெனம் போறதுதான். காலைல பத்துலேர்ந்து பதினொண்ணு. மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு. சாயங்காலம் நாலுலேர்ந்து அஞ்சு. அப்பால ராத்திரி ஒம்போதுக்கு.”

“தலைமைப் பலகைய இன்னா பண்ணீங்க?”

“நீ சொன்ன மாதிரிதான்மா. திடீர்னு கரண்டு போனா கார்டு கெட்டுடும்னியே. சரியா போற நேரத்துக்கு அணைச்சிடுவேன், வந்த ஒடனே போட்டுடுவேன். ஆறு மணிக்கு ஐயா வந்து, ‘நீ கெளம்பு, சாவிய குடு, நான் அணைச்சிக்கிறேன்’ன்னாரு. இன்னிக்கிக் காலைல ஒம்போதுக்குத்தான் மறுபடி போட்டேன்.”

“இந்தக் கூடத்துக்கு இன்வெர்ட்டர் உண்டா?”

“ஐயா ரூமுக்கு உண்டு. வாசல்ல ஐயா படத்துக்குச் சீரியல் செட்டு போட்டுகீதே, அதுக்கு உண்டு. இங்க இல்ல.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார். செம்மல் இருமினார்.

12.08.

“சார்,” என்று கிளாரா மாரியப்பன் பக்கம் திரும்பினாள். “நாலு பத்துக்குத் திண்டிவனத்துல கரண்டே இல்ல. டார்ச் அடிச்சித் தேடியிருக்காங்க. செத்துக் கெடந்த பலகைல எந்தக் கொம்பன் கட்டளை போட முடியும்?”

மாரியப்பன் நோட்டை மூடினார். “அப்ப அது காட்டுற நாலு பத்து?”

“அது பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அணைச்சாலும் கடிகாரம் ஓடிக்கினே இருக்கும். இந்தப் பலகைக்கு விலை கம்மி, அந்த பேட்டரி கெடையாது. இன்டர்நெட் இருந்தா அதுல கேட்டுத் தெரிஞ்சிக்கும். இங்க அதுவும் இல்ல. அணைச்சா எந்த மணில தூங்குச்சோ, எழுந்தா அதே மணிலேர்ந்து ஓடும். இப்ப பாருங்க, சுவத்துல பன்னெண்டு எட்டு. அது ஆறு முப்பத்தெட்டுங்குது. அதுக்கு இன்னும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

அவள் சாக்பீஸை எடுத்தாள்.

“வெள்ளிக்கிழமை காலைல ஒம்போதுக்கு என் வாட்சைப் பாத்து நான்தான் அதுல மணி வச்சேன். அதுக்கப்புறம் மூணு தடவ, தடவைக்கு ஒரு மணி நேரம் தூங்குச்சி. ஆக சாயங்காலத்துல அது மூணு மணி நேரம் பின்னாடி. அது சொன்ன நாலு பத்தோட மூணக் கூட்டுங்க.”

கூட்டத்தில் பல உதடுகள் கூட்டின. அறுபது தலைமையாசிரியர்கள், கணக்குத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.

“ஏழு பத்து,” என்றார் விருத்தாசலம்.

“ஏழு பத்துக்கு இந்தக் கூடத்துல யாரு இருந்தாங்கன்னு நான் சொல்லணும்னு இல்ல சார். மைக்லயே சொல்லிட்டாரு. தன்னந்தனியா. பெத்த தகப்பன் மாதிரி.”

மைக் கீச்சிட்டது.

“அபாண்டம்! எனக்கு அந்தக் கட்டளைகளெல்லாம் தெரியவே தெரியாது!” என்றார் செம்மல். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அரை மணி நேரம் ‘ஆக்கம் நானே’ என்று முழங்கிய வாய் அது.

“தெரியாதுதான் சார். அதனாலதான் சுவத்துத் தாளப் பாத்து அடிச்சீங்க. மொத ரெண்டு தடவ பெரிய எழுத்துலயே அடிச்சிருக்கீங்க. எங்க கடைக்கு நீங்க அனுப்பின மெயில் பத்தொம்போதும் அப்படித்தான், காது கிழியக் கத்தற மாதிரி. இத எழுதினவன் என் தம்பி. அவன் தூக்கத்துல அடிச்சாலும் அப்படி அடிக்க மாட்டான்.”

“தன் விழாவைத் தானே ஏன் கெடுத்துக்கணும்?” என்று மாரியப்பன் கேட்டார்.

பதில் சொன்னவர் விருத்தாசலம். “என் லெட்டர் எப்ப வந்தது?”

“நேத்து மதியம் கொரியர்ல வந்துச்சி சார்,” என்றார் பெரியசாமி. “ஐயா படிச்சிட்டு சாப்புடவே இல்ல.”

வளவனூரை மேடையில் சேர்க்க வேண்டும். வளவனூருக்கு எந்த பஸ் போகும் என்பதைத் தவிர அதில் செம்மலுக்கு வேறெதுவும் தெரியாது. மேடையில் முழிப்பதைவிட, பறிகொடுத்தவனாக அழுவது எவ்வளவோ கௌரவம். பழி போடச் சண்டைக்காரன் ஒருவன் தயாராக இருந்தான். இயந்திரமே நாலு பத்து என்று பொய்ச்சாட்சி சொன்னது அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

“தொழில்நுட்பக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாமே,” என்றார் செம்மல் மெல்ல. முதல் முறையாக மைக் இல்லாமல்.

12.25.

மாரியப்பன் அருணின் தோளிலிருந்து கையை எடுத்தார். “நீ போய் ஒக்காருப்பா. சர்டிபிகேட்டு என் டேபிளுக்குத்தான் வரும், பாத்துக்கிறேன்.” பிறகு கிளாராவிடம் குரலைத் தாழ்த்தினார். “கேஸு குடுக்கறியாமா? பொய்ப் புகார், ஏமாத்து வேல, எல்லாம் போடலாம்.”

“வேணாம் சார். கேஸுன்னா என்னிக்காவது ஒரு நாள் முடிஞ்சிடும்.”

கைப்பையைத் திறந்தாள். ஜெபமாலை டப்பாவுக்குள் விரல் நகம் அளவு மெமரி கார்டு ஒன்று இருந்தது. ‘ஜங்ஷன்’, அசல், சுரண்டாதது. இணையத்திலும் அதே கிடக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அழித்துவிட்டதாக நினைத்தவருக்கு அதுகூடத் தெரியாது.

தலைமைப் பலகைமுன் உட்கார்ந்தாள். மேடையில் எல்லோரும் பார்க்க, அருண் பக்கத்தில் நிற்க, வளவனூர் ஸ்டேஷனைச் சேர்த்தாள். பதினெட்டு நிமிஷம் ஆனது. புதிய மூட்டை கட்டும்போது குறிப்பேட்டைத் திறந்தாள். யார், எப்போது, என்ன செய்தார் என்று எழுதாமல் மூட்டை கட்டக் கூடாது; அந்தத் தொழிலின் வழக்கம் அது. நிதானமாகத் தட்டினாள். பெரிய திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது:

‘15-03-2013, மாலை 7.10. அறுபது கணினிகளிலிருந்தும் விளையாட்டை அழித்தவர்: முனைவர் கிருஷ்ணசாமி, திண்டிவனம்.

16-03-2013, மதியம் 12.45. மீண்டும் ஏற்றியவர்கள்: கிளாரா, இருதய அருண், விழுப்புரம். வளவனூர் சேர்க்கப்பட்டது.’

“அம்மா, தயவுசெய்து அதை எடுத்துவிடு,” என்றார் செம்மல். பட்டுச் சால்வை ஒரு தோளிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. “உன் பெயரை முதல் திரையில் போட்டுவிடலாம். பெரிதாகவே போடலாம்.”

“எடுக்க முடியாதுங்க சார். செஞ்சவங்க பேர எடுக்கக் கூடாதுன்னு நிபந்தனை. நீங்கதான் படிக்காம சுரண்டிட்டீங்க, நான் மீற மாட்டேன்.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “உங்க பேரு எல்லாக் காப்பிலயும் இருக்கணும்னு ஆசப்பட்டீங்க இல்ல? இனிமே இருக்கும்.”

ஏற்றும் கட்டளையைத் தட்டினாள். சின்ன எழுத்தில், ஒரே முறை.

அறுபது திரைகளிலும் ஒரே நேரத்தில் ஜங்ஷன் சிக்னல் பச்சைக்கு மாறியது.