இந்தக் கார் வெள்ளை

"ஐயோ... கத்தியைக் கீழ போடுங்க!"

பாவிணி போட்ட சத்தத்தில் தாய்லாந்தின் திராங் ரயிலடிக் கடைத்தெருவே ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. அவளுடைய கொட்டகை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த பச்சைக் காரின் பின்னால் ஒருவன் குனிந்து நின்றிருந்தான். கையில் பழம் நறுக்குகிற கத்தி. அதை வைத்து டிக்கியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

நிமிர்ந்தான். நெற்றியிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் இமையில் வந்து தங்கி நின்றது... அந்த இமைக்குக் கீழே, தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் கண்கள். பாவிணிக்குத் திட்ட வந்த வார்த்தை பாதியில் மறந்துபோனது.

"என் கார்தானேங்க..." என்றான்.

"கார் உங்களோடதுதான். ஆனா கோடு விழறது அது மேலதானே! பெயின்ட்டைப் பாருங்க, பூனை பிறாண்டின மாதிரி..."

டிக்கியில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். கிழிந்த இடமெல்லாம் புழுதி அப்பிய பசை. 'இந்தக் கார் வெள்ளை' என்று எழுதியிருந்தது. பச்சைக் காரில் அப்படி எழுதியிருந்தால் இந்த ஊரில் யாரும் சிரிப்பதில்லை. பிறந்த கிழமைக்கு ஆகாத நிறத்தில் வண்டி வாய்த்துவிட்டால் வேறு என்னதான் செய்வது? இன்ன நிறம் என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும், விதி அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடும்.

கொட்டகையின் முன்பக்கம் அம்மா சோம்ஜித் அந்த ஸ்டிக்கர்களை வெட்டி ஒட்டுவாள். பின்பக்கம் பாவிணி, கைமாறி வந்த வண்டிகளில் பழைய ஸ்டிக்கரை உரிப்பாள். 'அம்மா ஒட்ட, பொண்ணு பிய்க்க... நல்ல பிழைப்பு' என்று தெருவே கேலி பேசும்.

"உள்ள விடுங்க வண்டியை" என்றாள் பாவிணி. "கத்தி வேணாம். பொறுமைதான் வேணும். இருக்கா?"

"வாங்கிட்டு வரணுமா?"

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள்... சிரித்துவிட்டாள்.

அவன் பெயர் பூமின். ரயில் நிலையத்தில் கொடி காட்டுகிற வேலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவன். காரும் புதிதாக வாங்கிய பழைய கார். வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், தன்னைவிட இளையவளை அந்த ஊர் வழக்கப்படி 'நோங்' என்றான்.

ஹேர் டிரையரை எடுத்து மெதுவாகச் சூடு காட்டினாள். பசை இளகியதும் தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றி, எழுத்துக்கு அடியில் விட்டு, ரம்பம் மாதிரி இழுத்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கழன்று வந்தது. பசை மட்டும் வரவில்லை.

"இதோட பழைய ஓனர் சும்மா ஒட்டல. ஓரமெல்லாம் ரப்பர் பசையும் தடவியிருக்கான். விதி மேல அவ்வளவு பயம்!"

தேங்காய் எண்ணெயை ஊற்றித் துணியைப் போட்டு ஊறவைத்தாள்.

"கார் ரிப்பேரா, சமையலா?" என்றான்.

"கொஞ்ச நேரம் ஊறட்டும். அவசரப்பட்டா வேகாது."

ஊறிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது... யார் இவன்? ஒரு ஸ்டிக்கர் மேல் இவனுக்கு என்ன இவ்வளவு கோபம்?

கடைசியில் துடைத்துவிட்டுப் பார்த்தால்... 'இந்தக் கார் வெள்ளை' அங்கேயே இருந்தது! சுற்றிலும் வெயிலில் வெளுத்த பச்சை, ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் வெளுக்காத புதுப்பச்சை. ஸ்டிக்கரும் இல்லை, பசையும் இல்லை, எழுத்து மட்டும் போகவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"பாலிஷ் போட்டுத்தான் சரிபண்ணணும். பெயின்ட் மெலிசு... ஒரே நாள்ல தேய்க்க முடியாது. நீங்க வந்து வந்து போகணும்."

பெயின்ட் மெலிசு என்பது உண்மைதான். ஆனால் அவள் சொன்ன அளவுக்கு மெலிசு இல்லை.

வந்தான். விடியற்காலை பாங்காக் ரயிலை உள்ளே வாங்கிவிட்டு, சுட்ட பன்றியிறைச்சிப் பொட்டலமும் காப்பியுமாக வந்து நிற்பான். அவள் தேய்ப்பாள். அவன் பேசுவான்.

"அந்த ஸ்டிக்கர் உங்களை என்ன பண்ணுச்சு?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"என் பொழப்புல பச்சைன்னா பச்சை, சிவப்புன்னா சிவப்பு, நோங். பச்சைக் கொடியைக் கையில வச்சுக்கிட்டு இது வெள்ளைன்னு சொன்னா ரயில் என்ன ஆகும்? எனக்குப் பொய் வராது... சுட்டுப் போட்டாலும் வராது."

முன்பக்கம் ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷின் சத்தம் நின்றது. சோம்ஜித் எழுந்து வந்தாள்.

"தம்பி, நீ எந்தக் கிழமை பிறந்தவன்?"

"சனிக்கிழமைம்மா."

"சனிக்குப் பச்சை ஆகாதுடா! அதுல இருந்த ஸ்டிக்கரையும் உரிச்சுட்டியா?" அவள் பார்வை மகள் பக்கம் போனது. "எனக்கும் கண்ணிருக்கு. இவ புதன்கிழமை. புதனோட நிறமே பச்சை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்... என் பொண்ணு உனக்கு ஆகாது."

பூமின் சிரித்துவிட்டான். "ஒரு துண்டு பிளாஸ்டிக்கை ஒட்டி ஊரை ஏமாத்தறது போதாதா அம்மா? என்னையுமா?"

சொன்ன பிறகுதான் சோம்ஜித்தின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பிளாஸ்டிக்கை வெட்டித்தான் அவள் மகளை வளர்த்திருந்தாள்.

"பாலிஷ் இன்னும் முடியல" என்றாள் பாவிணி. "பரவாயில்ல, வண்டியை எடுத்துட்டுப் போங்க. எங்கம்மா வேலையைப் பார்த்துச் சிரிக்கிறவங்க வண்டியை நான் தொட மாட்டேன்."

அவன் சாவியை எடுத்துக்கொண்டான். வண்டியோடு போய்விட்டான்.

கோபம் மட்டும்தானா? இல்லை. அப்பாவும் இப்படித்தான் சிரித்தார். அம்மா ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் போனார்... திரும்பி வரவில்லை. அது ஸ்டிக்கரால் இல்லை என்று பாவிணியின் புத்திக்குத் தெரியும். மனசுக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கண்களுக்குத் தன்னால் ஏதாவது ஆகிவிட்டால்...?

மழை விடவில்லை. ரயில் கூவும்போதெல்லாம், இப்போது கொடியைத் தூக்கியிருப்பான் என்று நினைத்தாள். பாதி பாலிஷோடு அந்தக் கார் தெருவைக் கடக்கும். 'இந்தக் கார்' மறைந்துவிட்டது, 'வெள்ளை' மட்டும் லேசாகத் தெரியும். அது முனை திரும்பும்வரை பார்ப்பாள். பிறகு எந்த வண்டியில் எதை உரித்துக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும்.

ஒரு காலை. ரயில் போன சத்தம் அடங்கியதும் அவன் சீருடையோடு கொட்டகைக்குள் வந்தான். பாவிணியைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் போய்க் கைகூப்பினான்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. மன்னிச்சுக்கங்க. எனக்கு ஒரு ஸ்டிக்கர் வேணும்."

"எந்த நிறம்னு போடணும்?" சோம்ஜித் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே கேட்டாள்.

"நிறம் இல்லம்மா. கிழமை. 'இந்த ஆள் திங்கட்கிழமை பிறந்தவன்.'"

பாவிணியின் கையிலிருந்த துணி நழுவியது.

"கேலி பண்றியா?" என்றாள் சோம்ஜித்.

"சத்தியமா இல்ல. பச்சைக் காரை வெள்ளைன்னு எழுதினா விதி நம்புதுன்னா, என்னைத் திங்கள்னு எழுதினாலும் நம்பணும் இல்லியா? திங்களுக்குப் பச்சை ஆகுமே."

சோம்ஜித் அவனையே பார்த்தாள். நம்பாது என்று சொன்னால், இத்தனை வருஷம் ஒட்டியதெல்லாம் என்ன? மெஷினைப் போட்டாள்.

"திங்களுக்கு மஞ்சள் எழுத்து" என்று முணுமுணுத்தாள். "நேரா நில்லு. கோணலா ஒட்டினா பலிக்காது."

அவளே அவன் சட்டைப்பைக்கு மேல் ஒட்டினாள். ஒருமுறை தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, "காப்பி வாங்கிட்டு வரேன்... மூணு பேருக்கும்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மழையும் அவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்.

"பொய்யே வராதுன்னீங்களே..."

"வரல. ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்துட்டு வந்தேன்." அவன் குரல் இறங்கியது. "எல்லா ரயிலுக்கும் கொடி காட்டி அனுப்பறேன், நோங். எல்லாரும் யார்கிட்டயோ போறாங்க... நான் மட்டும் அதே பிளாட்பாரத்துல நிக்கறேன். உன்கிட்ட வரணும். அதுக்கு நான் திங்கள்னா திங்கள், செவ்வாய்னா செவ்வாய். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

அவள் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்தாள். நனைந்த சட்டையில் ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது.

"துணியில ஒட்டின பசை லேசுல போகாது..."

"போகணும்னு யாரு சொன்னா?"

அவள் கட்டைவிரல் தானாக அந்த மூலைக்குப் போனது. எத்தனையோ வண்டிகளில் உரித்த விரல்... இன்றைக்கு முதல்முறையாக ஒன்றை அழுத்தி ஒட்டியது. அதற்கு அடியில் அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான்" என்றாள். "எந்தக் கிழமையா இருந்தாலும்."