ஓரத்து முகம்

கல்யாணப் படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து நாற்காலியில் இடித்து விழுந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. மேடைக்கு எதிரே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு விரிகண் கேமரா தொங்கும்; மண்டபத்தையே ஒரே மூச்சில் விழுங்கிவிடும். விழுங்கும்போது ஓரத்தில் நிற்பவர்களைச் சப்பாத்தி மாவு போல இழுத்துவிடுவதுதான் அதன் பழைய நோய். அதற்கு மருந்து கண்டுபிடித்தவன் மாசிலாமணி. அவன் செய்த நேராக்கி, ஒவ்வொருவரின் பழைய குடும்பப் படங்களையும் அலசி, இவர் முகத்தின் நிஜ அளவு இதுதான் என்று கணக்குப் போட்டு, கோணலானதை அந்த அளவுக்குத் திருப்பிவிடும். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

இன்று ஈரோட்டில் அவன் மகள் பூங்கோதைக்குக் கல்யாணம். தாலி ஏறியதும் அவள் முதலில் தேடியது மாசிலாமணியின் அக்கா ருக்குமணியைத்தான்.

"அத்தை, மேல வாங்க. எம் பக்கத்துல, நடுவுல நில்லுங்க."

ருக்குமணி சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவள்தான். ஆனால் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் படம் எடுத்தாலும், "அக்கா, சித்த ஓரமா நில்லு" என்று சொன்னதும் அதே தம்பிதான். காரணத்தைச் சொன்னால் மனசு நோகுமாம். "நீ ரொம்ப உயரம், அதான்" என்பான். எப்பேர்ப்பட்ட நாசூக்குக்காரன்! இன்றும் அவனுக்கு நாக்கு நமநமத்தது. சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டான்.

ருக்குமணி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுவில் நின்றாள். பெரிய திரையில் படம் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் லட்சணமாக இருந்தார்கள். அவளுக்கு மட்டும் ஒரு கன்னம் பக்கவாட்டில் இழுபட்டு, நெற்றி சரிந்து, தாடை கோணிக் கிடந்தது. மண்டபமே சிரித்தது. ருக்குமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னப்பா இது?"

"மெஷின்ல ஏதோ கோளாறு, கண்ணு."

உள்ளங்கைத் திரையைத் திறந்து பார்த்தான். கோளாறே இல்லை. மற்றவர்கள் ஒரு படத்தில் ஓரத்திலும் இன்னொன்றில் நடுவிலும் நின்றிருந்தார்கள். அதனால் அவர்களின் நிஜ அளவு கிடைத்துவிட்டது. அக்கா எல்லாப் படத்திலும் ஓரம். இழுபட்ட முகமே அவள் முகம் என்று நேராக்கி படித்து வைத்திருந்தது. இன்று நேராக நின்றவளைப் பார்த்து, கோணல் என்று நினைத்து, திருத்திவிட்டது.

அங்கேயே அவளை நேராக ஒரு படம் எடுத்து நேராக்கிக்கு ஊட்டினான். பழைய ஆயிரம் படத்தோடு இந்த ஒரு படம் ஒத்துவரவில்லை என்று அது துப்பிவிட்டது. "அக்கா நடுவுல நிக்கிற பழைய படம் யார்கிட்டயாவது இருக்குதா?" என்று கேட்டான். சொந்தபந்தமெல்லாம் துழாவியது. ஒருவரிடமும் இல்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"விடு தம்பி, நான் ஓரமாவே போயிக்கறேன்."

அப்பாடா என்றிருந்தது மாசிலாமணிக்கு. அப்படி இருந்ததை உணர்ந்த மறுகணம் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனான்.

பூங்கோதை அத்தையின் கையை விடவில்லை. "அத்தை எங்கியும் போக மாட்டாங்க. நீங்க அந்தக் கருமத்தை நிறுத்துங்கப்பா."

நிறுத்தினான். இனி ஓரத்தில் நிற்பவர் பாடு திண்டாட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். நடுவை நோக்கி ஒரே தள்ளுமுள்ளு. மாப்பிள்ளையின் சித்தப்பா படமே வேண்டாமென்று மேடையை விட்டு இறங்கிவிட்டார். கடைசி இடத்துக்கு ஆளில்லை. மாசிலாமணி போய் நின்றான்.

திரையில் ருக்குமணி அழகாக இருந்தாள். ஓரத்தில் தாடை வீங்கி, தலை ஒரு பக்கம் வழிந்து, ஒரு உருவம் நின்றது. மறுபடியும் சிரிப்பு. ருக்குமணி சிரிக்கவில்லை. அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், தம்பியிடம் மெல்லக் கேட்டாள்.

"ஏன்டா மணி, இத்தனை வருசமும் நான் இப்படியா இருந்தேன்?"