இடது தூண்

பானையிலிருந்து ஆவி எழுந்துகொண்டுதான் இருந்தது. ஆட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் கோதுமையும் ஒன்றாய்க் குழைந்து, மேலே சீரகம் சுழல, ஓய்வுநாளுக்கான குழம்பு அடுப்பில் தளதளத்தது. வாசம் மட்டும் இல்லை.

சளி பிடித்திருக்கிறதோ என்று ரெய்னா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஈரச் சுவரின் வாசம் வந்தது. மேசையில் அறுத்து வைத்திருந்த எலுமிச்சையின் வாசம் வந்தது. கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து, மூக்கு நுனியில் படும் அளவுக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தது, முழுசாக. கரண்டியை ஒரு விரல்கடை தள்ளினாள். ஒன்றுமில்லை. குழம்பு தன் வாசத்தைத் தானே இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டதுபோல.

பக்கத்து வீட்டு மஸால் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். அவளோடு ஸஃபேத் மலையூரின் குளிர்காலப் பனியும் கொஞ்சம் வாசல் தாண்டி நுழைந்தது.

"என்னடி, இன்னும் பானை ஏத்தலையா? வெள்ளிக்கிழமை உன் வீட்டு வாசம் வந்தாத்தான் என் வீட்டுக்காரர் குளிக்கவே போவாரு. இன்னைக்கு இன்னும் படுக்கையில கெடக்குறாரு."

"ஏத்தியாச்சு. இதோ கொதிக்குது பாரு."

மஸால் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "உப்பு போட்டியா?" என்றாள், வேறென்ன கேட்பதென்று தெரியாமல். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்கிட்டச் சொல்லலாமா வேணாமான்னு காலையிலேருந்து முழிக்கிறேன். அந்த எலியாவ் இருக்கான்ல..."

ரெய்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நடுங்குறானாம்டி. எத்தனை கம்பளி போட்டாலும் நடுக்கம் நிக்கலையாம். டாக்டர் தொட்டா உடம்பு அனலாக் கொதிக்குதாம். ஆனா அந்தச் சூடு கம்பளிக்குள்ள இறங்கவே இல்லையாம். மெத்தையெல்லாம் ஐஸ் மாதிரி இருக்காம். அப்படியொரு காய்ச்சலை யாராவது கேள்விப்பட்டிருக்காங்களா?"

போன குளிர்காலத்தில் இதேபோன்ற பனியில்தான் எலியாவ் தன் வேனைப் பின்னால் எடுத்தான். பின்னால் நிசிம் நின்றிருந்தான், ரெய்னாவின் ஒரே மகன். பனியில் எதுவும் தெரிந்திருக்காது என்று நீதிமன்றம் எலியாவை விட்டுவிட்டது. இப்போது அவன் நடுங்குகிறான் என்று கேட்டதும் ரெய்னாவுக்குள் ஏதோ ஒன்று அதை மெல்ல ருசி பார்த்தது. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. பானையின் நினைப்பு வந்தது. கீழறையில் இருக்கும் கணவர் ஒவாதியாவின் நினைப்பு வந்தது.

மஸால் போனதும் அவள் கீழே இறங்கினாள்.

ஒவாதியா மறைநூல் படித்தவர். ஜெபக்கூடத்தில் மூத்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணமான புதிதில் கீழறைச் சுவரில் அவர் நீலச் சாயத்தால் பத்து வட்டங்கள் வரைந்தார். கடவுளின் பத்து ஒளிகள். எல்லையில்லாத அவனிடமிருந்து ஒளி புறப்பட்டு, கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு வழிவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து, தனக்கென்று எதுவுமில்லாத கடைசிக் கிண்ணமான இந்த உலகத்துக்கு வந்து சேர்கிறது என்பார். வட்டங்கள் தூண்கள்போல மேலிருந்து கீழாக நின்றன. வலது தூணில் இருப்பது ஹெசெத், அள்ளிக் கொடுக்கிற கை. இடது தூணில் இருப்பது தீன், போதும் என்று தடுக்கிற கை. தடுக்கிற கை இல்லாவிட்டால் உலகம் வெள்ளத்தில் போய்விடும். கொடுக்கிற கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கீழறையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அறை இருட்டாக இருந்தது. வெளிச்சம் முட்டையின் மஞ்சள் கருபோலப் பல்பைச் சுற்றி மட்டும் உருண்டு நின்றது. சிறிய ஜன்னலில் ஒட்டியிருந்த பகலை வைத்துத்தான் சுவரைப் பார்க்க முடிந்தது. இடப்பக்க வட்டங்கள் நீலமாக, ஈரமாக, இன்றைக்குத்தான் வரைந்ததுபோல் இருந்தன. வலப்பக்கத்தில் வெறும் கல். கத்தியால் சுரண்டிய கோடுகள்.

அவள் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"என்ன பண்ணினீங்க?"

"கோர்ட் விட்டுடுச்சு. நான் விடல."

"என்ன பண்ணினீங்கன்னு கேக்குறேன்."

"இடது பக்கத்தை மட்டும் கூப்பிட்டேன். அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், ரெய்னா. அவன் அம்மா பேரையும் சேர்த்துச் சொன்னேன். தப்பே வராத மாதிரி."

"அப்போ என் பானைக்குள்ள எப்படி வந்துச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். இல்லை. திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை விட்டுவிட்ட குழந்தையின் முகம்.

"அதுக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா. வலது கை பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் அது சொன்ன எடத்துல நிக்கும்."

"திரும்ப வரைஞ்சு தொலைங்களேன்!"

அவர் இடது கையால் தூரிகையை எடுத்துச் சாயத்தில் முக்கினார். நீலம் சொட்டச் சொட்ட அதைக் கல்லில் வைத்து அழுத்தி இழுத்தார். தூரிகை மயிர் நசுங்கி விரிந்தது. எடுத்தார். கல்லில் ஒரு கறைகூட இல்லை. நீலம் முழுவதும் தூரிகையிலேயே இருந்தது.

"காலையிலேருந்து இதைத்தான் பண்ணிட்டிருக்கேன்." அவர் குரல் உடைந்தது. "சாயம் பத்தாது. யாராவது அவனுக்குக் கொடுக்கணும். மனசாரக் கொடுக்கணும். எனக்கு வரமாட்டேங்குது, ரெய்னா. அவன் மூஞ்சி நெனப்புக்கு வந்தாலே நெஞ்சு மூடிக்குது. உனக்கு வருமா?"

வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாடிக்கு ஏறினாள். நிசிமின் கட்டிலில் அவன் ரஜாய், அந்தக் கனத்த போர்வை, மடித்தபடியே இருந்தது, அவளே ஆட்டுரோமம் அடைத்துத் தைத்தது. அதில் முகத்தைப் புதைத்தாள். மகனின் தலைமுடி வாசம். இத்தனை நாளும் இதற்காகத்தான் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள். நடுங்குகிறவனின் மேல் இதைப் போர்த்துவதாக நினைத்துப் பார்த்தாள். வலித்தது. இன்னொரு முறை நினைத்துப் பார்த்தாள். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். வலி இருந்தது, ஆனால் நெஞ்சு மூடவில்லை.

ரஜாயை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

பனி சந்துகளில் அடைந்து கிடந்தது. சூரியன் இறங்க இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் நீலக் கதவுகளும் இரும்புக் கம்பிகளும் ஈரத்தில் கருத்திருந்தன. கல்படிகள் அவள் காலுக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தோன்றி, பின்னால் ஒவ்வொன்றாக மறைந்தன. எங்கோ பாத்திரம் விழுந்தது. எங்கோ ஒரு ரேடியோ ஓடியது. அவள் செருப்பு கல்லில் சப்சப்பென்று அடித்தது. மஸால் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏய் ரெய்னா! இந்தப் பனியில எங்கடி ஓ..."

சொல் பாதியில் அறுந்தது. மஸாலின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

ரெய்னா நின்றாள். ரேடியோ இல்லை. காலைத் தூக்கிக் கல்லில் ஓங்கி மிதித்தாள். சத்தம் இல்லை. உள்ளங்காலில் அதிர்ந்தது, அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் ஜெபக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்றார். தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். மற்றவரின் முகத்தைப் பார்த்தார்.

அவள் ஓடினாள்.

கீழ்த்தெருவில் எலியாவின் வீடு. கதவைக் குத்தினாள். கேட்டிருக்க முடியாது. ஜன்னல் வழியே நிழலைப் பார்த்திருக்க வேண்டும். அவன் மனைவி ஷுலமித் திறந்தாள். தலைத்துணி நழுவிய, தூங்காத முகம். வாசலில் நிற்பது செத்துப்போன பையனின் தாய் என்று தெரிந்ததும் அவள் பின்வாங்கினாள்.

மன்னித்துவிட்டேன். ரெய்னா அதைச் சொன்னாள். தொண்டையில் அந்தச் சொல் முழுதாக, சூடாக இருந்தது. நாக்கில் ஏறியது. பல்லில் முட்டியது. உதட்டைத் தாண்டவில்லை. மறுபடி சொன்னாள். மறுபடி. சாபம் போடுகிறாள் என்று நினைத்து ஷுலமித் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

ரெய்னா ரஜாயை நீட்டினாள். உள்ளே கட்டிலில் கம்பளிக் குவியல் நடுங்குவதைக் கண்ணால் காட்டினாள். கடைசியில் ஷுலமித்துக்குப் புரிந்தது. அவள் கண் கலங்கியது. இரண்டு கையாலும் ரஜாயைப் பிடித்தாள்.

ரெய்னா விரல்களை விரித்தாள்.

ரஜாய் அவள் உள்ளங்கையிலேயே நின்றது.

ஷுலமித் இழுத்தாள். ரெய்னா கையை உதறினாள். விரல்கள் விரிந்துதான் இருந்தன. எதுவும் பிடித்திருக்கவில்லை. ஷுலமித் காலை ஊன்றி இழுத்தாள். ரஜாயோடு ரெய்னாவும் வாசல்படி தாண்டி உள்ளே இழுபட்டு, முழங்கால் தரையில் மோத விழுந்தாள்.

வலி வரவில்லை. தரை அதையும் கொடுக்கவில்லை.

கட்டிலில் எலியாவ் தலையைத் திருப்பினான். நீலம் பாரித்த உதடுகள். அவன் கண்கள் ரஜாயைப் பார்த்தன, அவளைப் பார்த்தன. அவன் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள். விரலும் விரலும் தொட்டன. தொடுவதைக் கண்ணால் மட்டும்தான் அறிந்தாள்.

மூலைத் தொட்டிலில் ஏதோ அசைந்தது.

கைக்குழந்தை. வாய் அகலத் திறந்து, முகம் சிவந்து, சத்தமில்லாமல் வீறிட்டது. ஷுலமித் ரஜாயை விட்டுவிட்டு ஓடினாள். தூக்கினாள். சட்டையைத் திறந்து குழந்தையை மார்போடு சேர்த்தாள்.

குழந்தை சப்பியது. கன்னம் குழியக் குழியச் சப்பியது. பிறகு வாயை எடுத்து அழுதது.

மார்பின் நுனியில் ஒரு துளி பால் திரண்டு நின்றது. வெள்ளையாக. உருண்டையாக. குழந்தையின் நாக்கு நீண்டு அதைத் தொட்டது. துளி வளைந்தது, நடுங்கியது, மறுபடி உருண்டையானது.

நாக்கு மறுபடி தொட்டது.