ஒன்பதாம் அத்தியாயத்தின் இரண்டு பிரதிகள்

செவ்வாய்க்கிழமை காலை மிக்கேல் வாசிப்பகத்திலிருந்து வெளியே வந்தான். தூத்துக்குடியில் பாட்டு வெளியிடுகிற எல்லோருக்கும் அங்கே போய் வாசிப்பது வாரக் கடமை. இசைத்தொழில் கையேட்டை வாசிக்காதவரின் பாட்டை எந்த இணைய ஒலித்தளமும் ஏற்காது. கையேடு இலவசம். பங்கு, ஒப்பந்தம், உரிமை எல்லாவற்றையும் எளிய தமிழில் சொல்லும். இசைக்காரர்கள் படிக்காமல் கையெழுத்திட்டு ஏமாறுகிறார்கள் என்று அரசின் இசைத்தொழில் வாரியம் கொண்டுவந்த ஏற்பாடு.

கையேடு வருவது விழியேடு என்ற மெல்லிய மின்தாளில்; அது உரியவரின் கண்ணுக்கு மட்டுமே எழுத்தைக் காட்டும். அடுத்தவர் எட்டிப் பார்த்தால் வெள்ளையாகிவிடும். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே புத்தகம்தானே.

எதிரே டீக்கடையில் பல்கீஸ் இருந்தாள். ஆறு வருடமாக அவன் கிதாருக்கு அவள்தான் பாடுகிறாள். இருவரும் செய்த புதுப் பாட்டுக்கு வெள்ளிக்கிழமை சேர்ந்து கையெழுத்திடுவதாகப் பேச்சு.

"என்னண்ணே, ரெண்டு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? கிதார்க் கம்பிய முழுங்கிட்டீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. ஒலித்தளத்து ஆளோடு அவள் தனியாகப் பேசிச் சிரித்ததைப் பார்த்திருந்தான். அதற்குப் பிறகு அவளுடைய ஒவ்வொரு போன் அழைப்பும் கண்ணில் பட்டது.

அவள் ஒரு நோட்டைத் தள்ளினாள். "போன வாரம் படிச்ச ஒன்பதாவது அத்தியாயத்துல ஒரு வரி புரியல. பாருங்க."

"இதையெல்லாமா எழுதுத?"

"பாட்டோ படிப்போ, எழுதினாத்தான் எனக்கு மண்டையில ஏறும்."

நாற்பத்தோராம் பக்கம். 'கூட்டாளியுடன் சேர்ந்தே கையெழுத்திடுங்கள். அவர் தாமதித்தால் காத்திருங்கள்.'

மிக்கேல் இரண்டு முறை வாசித்தான். தன்னை ஏமாற்ற எழுதி வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினான். முதல் எட்டு அத்தியாயங்களும் அவன் வாசித்ததேதான். ஒரு சொல் மாறவில்லை.

"என் ஏட்டுல இப்படி இல்ல."

"என்ன போட்டிருக்கு? வாசிங்க."

பையிலிருந்து தன் விழியேட்டை எடுத்து வாசித்தான். "'முதலில் கையெழுத்திடுபவருக்கே பாடலின் முழு உரிமை. கூட்டாளியின் நடத்தையைக் கவனியுங்கள். அவர் முந்துவதற்குள் முந்துங்கள்.'"

பல்கீஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டா ஒலித்தளத்துக்காரங்களுக்கு லேசுண்ணே. பேரம் பேச ரெண்டு பேர் இல்ல பாருங்க." நோட்டை மூடினாள். "நல்லவேளை, இன்னிக்கே தெரிஞ்சுது. நேரா வாரியத்துக்குப் போவோம். எந்திரிங்க."

அவன் எழவில்லை.

"அண்ணே."

"நேத்து மத்தியானம் போட்டுட்டேன்."

தெருவில் ஒரு உப்பு லாரி கடந்து போனது.

"அப்ப பாட்டுல என் பேரு?"

"இருக்காது."

"குரல்?"

"குரல் இருக்கும்."

அவள் துப்பட்டாவைச் சரிசெய்தாள். குரல் உயரவே இல்லை. "எட்டாவது அத்தியாயம் முடியிற எடத்துல ஒரு கேள்வி வந்துச்சு. 'உங்கள் கூட்டாளியை நம்புகிறீர்களா?'ன்னு. இதென்ன கேள்வின்னு யோசிக்காம 'ஆம்' அழுத்திட்டேன். உங்களுக்கு வரலையா?"

வந்திருந்தது. அதற்கு மேல் நகராமல், அவன் பதிலுக்காக ஏடு வெகுநேரம் காத்திருந்தது. அவன் அழுத்திய பிறகுதான் ஒன்பதாம் அத்தியாயம் திறந்தது.

"வந்துச்சு," என்றான்.

என்ன அழுத்தினான் என்று அவள் கேட்கவில்லை. டீக்குக் காசு வைத்துவிட்டு வாரியம் இருக்கும் திசையில் தனியாக நடந்தாள்.