கணக்கில் வராத நாலாவது

அக்காவின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் தண்ணீர் கேட்பார்கள், பிறகு அழுவார்கள். அன்று காலை வந்த பெண்மணி இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நான் எடிட்டர். மாலுமி படங்கள் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலுமி படங்கள் தெரியுமா என்று அவனிடம் கேட்பதா! விண்கலத்தில் ஒற்றை ஆளாகத் திரியும் அந்த மாலுமியைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்து வளர்ந்தவன் அவன். வசனம் முழுவதும் தலைகீழ்ப் பாடம். அக்காவோ ஒரு பாகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இந்த அறையைப் பிடித்தாள். எந்த வேலையிலும் ஒட்டாத தம்பி இங்கே வந்து ஒட்டிக்கொண்டான். எடுபிடி என்பது வீட்டார் வைத்த பெயர். துணை ஆய்வாளர் என்பது அவனே வைத்துக்கொண்டது.

"ரெண்டாம் பாகத்துலேருந்து எல்லாத்துக்கும் நான்தான் எடிட்டிங்," என்றார் எடிட்டர். "இப்ப ஏழாவது வரப்போகுது. அதான் கடைசி."

"ஆறாவது," என்றான் தம்பி, தன்னை அறியாமல்.

எடிட்டர் திரும்பி அவனைப் பார்த்தார். "ஏழு," என்றார் மெல்ல.

"படப்பெட்டியை எண்ணினா ஏழுதான் மேடம். ரசிகருங்க நாங்க நாலாவதைச் சேர்க்கிறதில்ல." அக்காவுக்குப் புரிவதற்காக விளக்கினான். நாலாவதை எடுத்தவர் வேறொரு இயக்குநர். விண்கலம் பழுதாகி மாலுமி ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு அநாதைச் சிறுமியை வளர்க்கிறான். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. தியேட்டரில் நாற்காலியைக் கிழித்தார்கள். அன்றிலிருந்து ரசிகர்கள் மூன்றுக்குப் பிறகு வந்ததை ஒதுக்கிவிட்டு அடுத்ததை நான்கு என்றுதான் சொல்வார்கள். மறந்துபோய் ஒருவன் ஐந்து என்று சொல்லிவிட்டால் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள். "அந்தப் படத்தை எடுத்தவரு அதுக்கப்புறம் தலையே காட்டலக்கா."

எடிட்டர் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார். அக்கா அதைப் பார்த்தாள். "உங்க பிரச்சினையைச் சொல்லுங்க," என்றாள்.

பிரச்சினை இதுதான். இன்னும் வெளிவராத படத்தின் முடிவை 'கடைசி வரிசை' என்ற புனைபெயர்க்காரர் ரசிகர் தளத்தில் எழுதிவிட்டார். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எல்லாப் பாகங்களையும் கிழித்துத் தோரணம் கட்டியே பெயர் வாங்கியவர்.

"முடிவு தெரிஞ்சது மூணே பேருக்கு. டைரக்டர், சவுண்ட் இன்ஜினியர், நான். டைரக்டர் தன் படத்தைத் தானே கெடுத்துக்க மாட்டார். சவுண்ட் இன்ஜினியர் தயாரிப்பாளரோட மருமகன். மிச்சம் யாரு? நாளைக்கு சாயங்காலம் என் பேரைப் போட்டு அறிக்கை விடப்போறாங்க. அப்புறம் எந்த எடிட்டிங் ரூம்லயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். அதைவிட, எனக்கு இந்த வேலையைத் தவிர வேற எதுவும் தெரியாதுங்க."

தம்பி கைபேசியில் அந்தப் பதிவை எடுத்து வாசித்தான். "'மாலுமி கண் மூடுவதற்கு முன், அந்தக் கிரகம், அந்தச் சிறுமி எல்லாமே கனவு என்கிறான். பிறகு தனியாகச் சாகிறான். பக்கத்தில் ஒரு உயிர்கூட இல்லை. ஏழு பாகங்களும் இதற்குத்தான்.'" அதற்குக் கீழே ரசிகர்களின் கொண்டாட்டம் நீண்டது. நாலாவது ஒழிந்தது என்று ஒருவர். எல்லாம் கனவு என்று சொன்ன இயக்குநரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று இன்னொருவர். தம்பியும் தன் பங்குக்கு ஒரு விருப்பக்குறி போட்டிருந்தான். அதை மட்டும் வாசிக்காமல் கைபேசியை மூடினான்.

அன்று மதியமே அவர்கள் போன எடிட்டிங் அறை ஜன்னல் இல்லாத ஒரு சின்னப் பெட்டி. திரைக்கு எதிரே மேசை, அதற்கு மூன்று நாற்காலிகள். பின்சுவரை ஒட்டி நாலாவதாக ஒன்று. படம் திருட்டுப் போகக்கூடாது என்று புதிதாக வாங்கிய இரும்பு பீரோ அதற்கு முன்னால் இடதுபக்கம் துருத்திக்கொண்டு நின்றது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த இயக்குநர், "உங்களுக்குக் காட்டலாம்னு மேலிடத்துலயே சொல்லிட்டாங்க. இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார். மேசை நாற்காலிகளில் அவரும் எடிட்டரும் அக்காவும் உட்கார்ந்தார்கள். சவுண்ட் இன்ஜினியர் கழுத்தில் ஹெட்போனோடு கதவில் சாய்ந்துகொண்டார். தம்பிக்குக் கிடைத்தது பின்னால் இருந்த நாற்காலி. பீரோ முட்டியது. கழுத்தைச் சாய்த்தால் மாலுமியின் முகம் தெரிந்தது. அவனுக்கு அது போதும். மாலுமி கனவு என்று முணுமுணுத்துக் கண்ணை மூடியபோது தம்பி மூக்கை உறிஞ்சினான்.

விளக்கைப் போட்டபோது கதவருகே மெலிந்த ஒரு மனிதர் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். தம்பி எழுந்தான்.

"பரவாயில்ல, உக்காருங்க. நான் அப்புறம் வர்றேன்," என்று பையை பீரோவின் மேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

"எடிட்டரோட வீட்டுக்காரர்," என்றார் இயக்குநர். "மழையோ வெயிலோ, மதியச் சாப்பாடு தவறாது. தங்கமான மனுஷன்."

படியில் இறங்கும்போது தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அச்சு அசலா அப்படியே எழுதியிருக்கான்க்கா! பாவம், தனியாத்தான் சாகிறான்."

அக்கா நின்றாள். "தனியாவா?"

"ஆமா. நீயும்தானே பாத்த?"

"நீ எங்கே உக்காந்திருந்தே?"

"பின்னாடி, பீரோ பக்கத்துல. கழுத்தே பிடிச்சுக்கிச்சு."

அலுவலகம் வந்ததும் அக்கா கடைசி வரிசை எழுதிய விமர்சனங்கள் அத்தனையையும் கேட்டாள். கதை, நடிப்பு, இசை, விண்கலத்தின் பெயிண்ட் வரை அந்த ஆள் வைத வசவுகளை வரி விடாமல் படித்தாள்.

"எடிட்டிங்கைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் காணோமே," என்றாள்.

"அதுல குறை சொல்ல என்ன இருக்கு?"

"மத்ததெல்லாத்துலயும் இருந்துதா? சரி, நாலாவது படத்துக்கு விமர்சனம் எங்கே?"

"எழுதவே இல்ல. திட்டுறதுக்குக்கூட லாயக்கில்லாத படம்னு அர்த்தம். நாங்க எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டோம்."

"ஆனா எண்ணிக்கையில அதை விடமாட்டேங்கிறாரே. அஞ்சை அஞ்சுங்கிறார், ஆறை ஆறுங்கிறார்."

"பழைய ஆளுக்கா. அவரை மட்டும் யாரும் கேக்கிறதில்ல."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஆளைப் பிடித்துவிட்டால் அவள் முகத்தில் ஒரு களை வரும். தம்பி அதற்காகக் காத்திருந்தான். அன்று அது வரவில்லை. "நாளைக்கு மதியம் எல்லாரையும் அந்த ரூம்ல இருக்கச் சொல்லு. சாப்பாட்டு நேரத்துக்கு," என்றாள்.

மறுநாள் மெலிந்த மனிதர் பையோடு வந்து, கூட்டத்தைக் கண்டு தயங்கினார்.

"உக்காருங்க சார்," என்றாள் அக்கா. "உங்க இடத்துலயே."

திரும்பிப் பார்க்காமலே அவர் நாலாவது நாற்காலியைக் கையால் தொட்டு உட்கார்ந்தார். எடிட்டர் அதைப் பார்த்தார்.

"மூணு பேருன்னு எல்லாரும் சொன்னீங்க," என்றாள் அக்கா. "யாரும் பொய் சொல்லல. ஆனா இங்கே நாற்காலி நாலு. தினம் மதியம் சாப்பாடு கொண்டுவந்து, நீங்க வேலையை முடிக்கிறவரைக்கும் பின்னாடி காத்திருந்த ஆளை எண்ணணும்னு யாருக்கும் தோணல."

"அவரைப் போய்..." என்று ஆரம்பித்த சவுண்ட் இன்ஜினியர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வெளியே வந்த பதிவுல ஒண்ணு குறையுது. எழுதினவர் வேணும்னே மறைச்சார்னு நீங்க நினைச்சிருக்கலாம். நேத்து என் தம்பி அந்த நாற்காலியில உக்காந்து பாத்தான். அவனும் அதே மாதிரிதான் சொன்னான். அங்கேருந்து பாத்தா திரையோட இடதுபக்கம் தெரியாது, பீரோ மறைக்குது. இவர் எதையும் மறைக்கல. அவ்வளவுதான் பாத்தார்." அக்கா மூச்சு விட்டுக்கொண்டாள். "கடைசி வரிசைக்கு எல்லாத்துமேலயும் கோபம். எடிட்டிங் மேல மட்டும் இல்ல, ஏன்னா அது அவர் மனைவி செஞ்சது. நாலாவது படத்தை அவர் திட்டினதில்ல, எண்ணாம விட்டதும் இல்ல. ஊரே சேர்க்காத ஒண்ணைச் சேர்த்து எண்ணுறவர் யாரா இருக்கும்? அதை எடுத்தவரைத் தவிர?"

தம்பி அவரையே பார்த்தான். தலையே காட்டாத அந்த ஆள் இவரா? நேற்று தன்னை உட்காரச் சொன்னவரா?

"கனவுன்னு சொல்லிட்டான்," என்றார் அந்த மனிதர், யாரையும் பார்க்காமல். "ஜனங்கதான் அதை இல்லன்னாங்க. இப்ப படமே சொல்லுது. இவ கையாலேயே வெட்டி ஒட்டியிருக்கா. என்னால தாங்க முடியல. இவ மாட்டிக்குவான்னு... சத்தியமா நினைக்கல."

"முன்னாடி வந்து பாருங்க," என்றாள் அக்கா. தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். எடிட்டர் பொத்தானை அழுத்தினார்.

மாலுமி கனவு என்றான். கண்ணை மூடினான். அப்போது திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டில் சாயம் போன நீலப் பட்டை. அது மாலுமியின் கையைப் பற்றிக்கொண்டது. அவ்வளவுதான், இருட்டு.

"அது... அவ கை," என்றார் அந்த மனிதர்.

"உங்க படத்துல அந்தப் பொண்ணுக்கு நீங்க கட்டிவிட்ட அதே பட்டைதான். நம்ம வீட்டுப் பரண்லேருந்து எடுத்துட்டு வந்தேன்," என்றார் எடிட்டர். "கனவுன்னு அவன் நினைச்சுக்கிட்டிருப்பான். கனவில்லன்னு அந்தக் கை சொல்லும். இந்த ஒரு ஷாட்டுக்கு நான் போட்ட சண்டையை டைரக்டரைக் கேளுங்க."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"தியேட்டர்ல நீங்களா பாக்கணும்னு ஆசைப்பட்டேன். எல்லாரும் கைதட்டும்போது உங்க முகத்தைப் பாக்கணும்னு." அப்போதுதான் எடிட்டர் அழுதார். "தினமும் பின்னாடியேதானே உக்காந்திருந்தீங்க. நான் ஒருநாளாவது திரும்பிப் பாத்திருந்தா அங்கேருந்து தெரியலன்னு எனக்குப் புரிஞ்சிருக்கும்."

இயக்குநர் நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். துடைத்ததையே துடைத்தார். "நீங்க இப்ப பாத்தது பழைய பிரதி," என்றார். "கனவுன்னதும் ரசிகருங்க கொண்டாடுறாங்களாம். அந்த சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும், கை வேண்டாம், தனியாவே சாகட்டும்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. காலையிலேயே வெட்டிக் கொடுத்துட்டேன். என் பேச்சு அங்கே எடுபடலம்மா."

பையிலிருந்த சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"நானே போய்ச் சொல்லிடறேன்," என்று எழுந்தார் கணவர். "செஞ்சது நான்."

"சொல்லி? நாலாவதை எடுத்தவன் வயித்தெரிச்சல்ல செஞ்சான்னு ஊர் பூரா பேசட்டுமா? அப்பவே நீங்க வீட்டு வாசல் தாண்ட எத்தனை காலம் ஆச்சு! இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது." எடிட்டர் அக்காவிடம் திரும்பினார். "என் பேரே இருக்கட்டும். உங்களை வரச்சொன்னது நான்தானே. நான் சொல்றதைக் கேளுங்க. விட்டுடுங்க."

அக்கா சரியென்று தலையசைத்தாள். அறிக்கை அன்று சாயங்காலம் சொன்னபடியே வந்தது.

"எல்லாம் சரியாத்தான் கண்டுபிடிச்ச," என்றான் தம்பி, மாடிப்படியில்.

"கண்டுபிடிக்காம இருந்திருந்தா, மனைவி தன் படத்தைக் கைவிட்டுட்டான்னு மட்டும் நினைச்சுக்கிட்டிருப்பார். இப்ப அந்தக் கையும் தெரியும், அது தன் பதிவாலதான் போச்சுன்னும் தெரியும்," என்றாள் அக்கா. அவள் அவ்வளவு மெதுவாகப் படியேறி அவன் பார்த்ததில்லை.

படம் வந்த அன்று நண்பர்கள் தம்பியை விடவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள். மாலுமி கனவு என்று சொன்னதும் தியேட்டர் அதிர்ந்தது. எழுந்து ஆடினார்கள். தம்பி மாலுமியின் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்திருந்தும் திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டு வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"அப்பாடா, ஆறும் பாத்து முடிச்சாச்சு!" என்று நண்பன் அவன் முதுகில் தட்டினான்.

"ஏழு," என்றான் தம்பி. விசில் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.