கிழவனின் மாத்திரை

முனகல் கேட்டது. ஆனால் கிழவனின் வாய் மூடியிருந்தது.

கிழவன் ஒரு பெயின்டர் வீட்டு நாய். இடுப்பெலும்பு தேய்ந்து, படுத்தால் எழ முடியாமல், எழுந்தால் நிற்க முடியாமல் கிடந்தது. மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, கால்நடை மருத்துவர் ஓபியம் வகை வலி மாத்திரை கொடுத்தார். "வேளை தவறாம கொடுங்க. திடீர்னு நிறுத்தினா தாங்காது." பெயின்டர் பவ்யமாகத் தலையாட்டினான். சாரத்திலிருந்து விழுந்து அவன் இடுப்பும் போயிருந்தது. அவனுக்கு அதே மாத்திரையை எழுதித் தருவதை அவனுடைய டாக்டர் நிறுத்தியிருந்தார்.

முதலில் பாதி எடுத்தான். பிறகு முழுசு. நாய்க்கு வெறும் ரொட்டித் துண்டு. அது நம்பி விழுங்கிவிட்டு அவன் கையை நக்கும். அந்த ஈரம் காயும்வரை அந்தக் கையால் அவன் எதையும் தொடமாட்டான்.

"கிழவன் விடிய விடிய அழுதுச்சுங்க. மருந்து கொடுத்தீங்களா?" என்பாள் மனைவி.

"கொடுத்தேனே."

அவள் சலவைக்கடைக்குப் போன இந்த மழைப் பகலில், ஜன்னலில் நீர் வழிய, ஈர ரோமத்தின் வாடையும் பழைய பெயின்ட் வாடையும் கூடம் முழுக்கக் கனத்துக் கிடக்க, அந்த முனகல் மட்டும் சுவரோடு சுவராக ஊர்ந்து, நாற்காலியைச் சுற்றி, அவன் காலடியில் வந்து நின்றது.

நாய் அவனையே பார்த்தது. பிறகு எழுந்தது. தள்ளாடாமல்.

அவன் இடுப்பில் ஏதோ நொறுங்கியது. தரையில் விழுந்தான். எழ முடியவில்லை. கைகளை ஊன்றினான். முழங்கால்களையும்.

முனகல் இப்போது அவன் தொண்டைக்குள்.

கதவு திறந்தது. மனைவி. சொல்லிவிட வேண்டும். நான்தான் தின்றேன் என்று, இப்போதாவது. வாயைத் திறந்தான். முனகல்தான் வந்தது.

"ஐயோ பாவம், இவ்வளவு வலிக்குதா?" அவள் மண்டியிட்டாள். பழகிய விரல்கள் அவன் தாடையைப் பிளந்து, எதையோ நாக்கின் அடிவரை தள்ளி, வாயை இறுக்கி மூடின. தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"முழுங்கு. சமத்துல்ல."

பிறகு திரும்பாமலே குரல் கொடுத்தாள். "என்னங்க, கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வாங்க."

அவள் முதுகுக்குப் பின்னால், வலியே அறியாத இரண்டு கால்கள் சமையலறையை நோக்கி நிதானமாக நடந்தன.