காலண்டரில் இல்லாத கிரகணம்

"இந்தக் காலண்டரைப் போட்டவனுக்குக் கணக்கு வாத்தியார் மேல என்ன கோபமோ தெரியலண்ணே..."

மழைக்கு ஒதுங்கத்தான் அவள் அந்த ஸ்டேஷனரிக் கடைக்குள் நுழைந்தாள். குடையை மடக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டியபடி ஒருவன் கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று உயரம். மூக்குக் கண்ணாடி முழுக்க மழைத்துளி... அதைத் துடைக்கக்கூடத் தோன்றாத ஆத்திரம்.

"பாருங்க, அடுத்த மாசம் பௌர்ணமிக்குச் சந்திர கிரகணமாம். ராத்திரி பதினோரு மணிக்கு நல்லாத் தெரியுமாம். நிஜத்துல அது பிடிக்கும்போது இங்க விடிஞ்சு ஜனங்க பல்லு தேய்ச்சிட்டு இருப்பாங்க. போட்டவன் யாருன்னு தெரிஞ்சா..."

"போட்டவன் இல்ல. போட்டவ."

அவன் திரும்பினான்.

பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவன் சொல்ல வந்ததையே மறந்துபோனான்... ஒரு நொடிதான். அப்புறம் ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். என்ன செய்வது, படித்தவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம்.

"நீங்கதானா? எப்படிக் கணக்குப் போட்டீங்க மேடம்?"

"பதினெட்டு வருஷம் பதினோரு நாளுக்கு ஒரு தடவை அதே கிரகணம் திரும்ப வரும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி போட்ட எங்க காலண்டரையே எடுத்தேன். பதினோரு நாளைக் கூட்டினேன். போதுமா?"

"எட்டு மணி நேரம் எங்க?"

"எந்த எட்டு மணி நேரம்?"

அவன் அலமாரியிலிருந்த உலக உருண்டையை எடுத்தான். விரலால் மெல்லத் தள்ளி, மூன்றில் ஒரு பங்கு சுற்றியதும் நிறுத்தினான். "பதினெட்டு வருஷம், பதினோரு நாள்... அதுக்கு மேல எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்துல பூமி இவ்வளவு திரும்பிடும். நிலா சொன்ன சொல் தவறாது. வந்துடும். ஆனா நம்ம வாசலுக்கு இல்ல... வேற யார் வாசலுக்கோ. மறுபடி நம்ம பக்கம் வரணும்னா மூணு சுத்து ஆகணும். அம்பத்தி நாலு வருஷம்."

"தம்பி, அந்த உருண்டையை வாங்குறீங்களா, இல்ல சும்மா சுத்துறீங்களா?" என்றார் கடைக்காரர்.

அவன் அசடு வழிந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகம் மட்டும் ஜிவ்வென்று சிவந்தது. "கோளரங்கத்துல வேலை பார்த்தா எல்லாருக்கும் பாடம் எடுக்கலாமோ?" என்றாள், அவன் சட்டைப்பையில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொட்டுகிற மழையில் குடையை விரிக்கக்கூட மறந்து நடந்தாள்.

அப்பாவின் அச்சகத்தில் அவளுக்குக் 'கமா' என்று பெயர். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து ப்ரூஃப் தாளில் விடுபட்ட கமாவைக் கண்டுபிடித்தவள். இன்றைக்கும் அவள் பார்த்து 'சரி' என்று எழுதினால்தான் இயந்திரம் ஓடும். "நம்ம காலண்டர்ல தேதி தப்பாது" என்பது அப்பா கடைக்காரர்களிடம் அடிக்கடி சொல்கிற வசனம். அதைச் சொல்லும்போது மனிதர் இரண்டு அங்குலம் உயர்ந்து தெரிவார்.

வழக்கமாகக் கிரகணக் குறிப்பு எழுதித் தருகிற பெரியவர் இந்த வருடம் மகனோடு வெளியூர் போய்விட்டார். 'இது என்ன பெரிய வித்தை' என்று அவளே உட்கார்ந்து போட்டாள். இப்போது கணினி முன்னால் உட்கார்ந்து தேடினாள். எட்டு மணி நேரம்... இருந்தது. அந்த நெட்டைக்கொக்கு சொன்னது அத்தனையும் சரி.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? முதலில் சரியான நேரத்தை வாங்கித் திருத்தச் சீட்டு அடித்துவிடலாம், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் வலி குறையும் என்று தோன்றியது. மறுநாள் கோளரங்கத்தின் படியேறினாள்.

அவன் ஏணி மேல் நின்று படக்கருவியின் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னது சரி."

"என்ன சொன்னீங்க? காதுல விழல."

"ஒரு தடவைதான் அச்சாகும். கீழ இறங்குங்க."

இறங்கினான். சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். "இன்னொண்ணும் இருக்கு மேடம். கோபப்படாதீங்க... வராத விருந்தாளிக்குப் பாய் விரிச்ச நீங்க, வர்ற விருந்தாளியை விட்டுட்டீங்க."

"புரியற மாதிரி பேசவே மாட்டீங்களா?"

"அந்தப் பதினெட்டு வருஷத்துக்கு முந்தின காலண்டர்ல, இங்க தெரிஞ்ச கிரகணம் மட்டும்தானே இருக்கும்? அதே வருஷம் இன்னொண்ணு வந்தது. அப்போ இங்க காலை நேரம், அதனால யாரும் பார்க்கல, காலண்டர்லயும் போடல. இப்போ எட்டு மணி நேரம் தள்ளி, இன்னும் ஏழு மாசத்துல நம்ம வாசலுக்கே வருது. சாயங்காலம் நிலா உதிக்கும்போதே சிவப்பா உதிக்கும். அதை நீங்க போடவே இல்ல."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் பேச்சை நிறுத்தினான். ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நேரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தான். கிளம்பும்போது, "சனிக்கிழமை என் காட்சி இருக்கு. கிரகணத்தைப் பத்தித்தான். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்று இரண்டு அனுமதிச் சீட்டை நீட்டினான்.

'காட்சி முடிஞ்சதும் அப்பா நல்ல மனநிலையில இருப்பார்... அப்ப சொல்லிடலாம்' என்று கணக்குப் போட்டாள். பாவம், கணக்கு அவளுக்கு ஒத்துவருவதில்லை.

சனிக்கிழமை. விளக்குகள் அணைந்தன. மேலே கவிழ்ந்த இருட்டில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய்ப் பூத்தன. அவன் குரல் வந்தது... கடையில் கேட்ட குரலா இது?

"கிரகணங்களுக்கும் குடும்பம் உண்டு. பதினெட்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை. முதல் பிள்ளை வரும்போது நிலா பூமியின் நிழலை ஓரத்தில் தொட்டும் தொடாமலும் போகும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் உள்ளே... நூற்றாண்டுகள் ஆகும், அந்தக் கூச்சம் போக. ஒருநாள் நிலா முழுசாக நிழலுக்குள் வந்து நிற்கும். சிவந்துவிடும். பிறகு அதே மாதிரி மெதுவாக விலகும். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கும் மேல் நீளும் ஒரு குடும்பத்தின் கதை இது. நாம் ஒவ்வொருவரும் அதில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்தாலே அதிகம்..."

அவள் இருட்டில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் அப்பா வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குரலை ஆயுள் முழுக்கக் கேட்கலாம் போல இருந்தது...

"ஆனா இந்தக் குடும்பத்துக்காரங்க நேரே வர மாட்டாங்க. எட்டு மணி நேரம் தள்ளித்தான் வருவாங்க. இது தெரியாம நம்ம ஊர்ல ஒரு காலண்டர் கம்பெனி..."

சொல்லிவிட்டான். தேதி, பல்லு தேய்ப்பது உட்பட. அரங்கமே சிரித்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் தான் அச்சடித்த தேதி அப்பாவுக்குத் தெரியாதா?

"நம்ம காலண்டராம்மா?" என்றார் மெதுவாக.

விளக்குகள் எரிந்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மேடையில் சிரித்துக்கொண்டு நின்றவன் மூன்றாவது வரிசையில் அவர்களைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு அப்படியே உதிர்ந்தது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் தொங்கிய காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவன் சைக்கிளில் அச்சகத்துக்கு வந்தான். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்த முடியாமல், எல்லார் முன்னாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"மன்னிச்சிடுங்க. சுவாரசியமா இருக்கட்டுமேன்னு... அப்பாகிட்ட நீங்க இன்னும் சொல்லலைன்னு எனக்குத் தெரியாது."

அவள் திருத்தச் சீட்டுகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க மன்னிப்பு இங்க தெரியாது சார். வேற ஏதாவது நாட்டுல நல்லாத் தெரியும். அங்க போய்க் கேளுங்க."

அவன் போய்விட்டான். அன்று அவள் சாப்பிடவில்லை. கோபம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கோபக்காரர்கள் யாராவது வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்களா?

மாதங்கள் ஓடின. சீட்டுகள் கடை கடையாய்ப் போய் ஒட்டப்பட்டன. ஒருநாள் அண்ணி பிள்ளைகளோடு கோளரங்கம் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள்.

"அங்க ஒரு ஆளு, நல்லாப் பேசறார். ஆனா சரியான மறதிக்காரர் போல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல எட்டு மணி நேரத்தைக் கூட்ட மறந்து, ஊரையே கூட்டி மொட்டை மாடியில நிக்க வச்சாராம். விடிஞ்சதுதான் மிச்சமாம். தன்னைத்தானே அப்படிக் கிண்டல் பண்ணிக்கறார். வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவர் சொல்றார், ஆறு மாசமா எல்லாக் காட்சியிலயும் இதே கதைதானாம்."

அப்பா செய்தித்தாளை இறக்கினார். மகளைப் பார்த்தார். அவளுக்கு உடனே புரிந்தது. அவன் அப்படி ஒரு தப்பு செய்தவனே இல்லை. அவளுடைய தப்பை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்தச் சிரிப்பையெல்லாம் அவன் வாங்கிக்கொண்டிருக்கிறான். நிம்மதியாக இருக்க வேண்டியவளுக்குப் பொறுக்கவில்லை. அழுகையாக வந்தது.

"நாளன்னைக்குத்தானே அந்த விட்டுப்போன கிரகணம்?" என்றார் அப்பா. "விளையாட்டு மைதானத்துல ஊரையே வரச் சொல்லியிருக்காராம். நாமளும் போவோம்."

போனார்கள். பாதி ஊர் அங்கே இருந்தது. கிழக்கில் நிலாவைத் தவிர எல்லாம் இருந்தது... கறுத்த மேகம், தூறல், தூரத்தில் ஒரு மின்னல். ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் கலையாமல் இருக்கப் பேசிக்கொண்டிருந்தான். "நான் ஒரு தடவை எட்டு மணி நேரத்தை மறந்துட்டு..."

மேடைப் படியில் காலடிச் சத்தம். அவள் வந்து நின்றாள். தலைமுடியெல்லாம் தூறல்.

"அந்தத் தப்பு என்னோடது. திருப்பிக் கொடுங்க."

"வேண்டாங்க... நான் பார்த்துக்கறேன்."

"அது எங்க வீட்டுப் பொருள் சார். நீங்க எதுக்குச் சுமக்கணும்?"

மைக்கை வாங்கினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இவர் சொன்ன தப்பை இவர் பண்ணல. இந்த வருஷக் காலண்டர்ல நான் பண்ணேன். எங்கப்பாவுக்கு அப்போ இது தெரியாது. அச்சுக்குப் போனதுல அவர் தப்பு ஒண்ணும் இல்ல. இன்னைக்கு வர்ற கிரகணத்தையும் நான்தான் விட்டுட்டேன்."



"அதனால என்னம்மா," என்றார் கூட்டத்திலிருந்து ஒருவர், "போட்டிருந்தா மட்டும் தெரிஞ்சிருக்குமா? மேகத்தைப் பாரு."

சிரிப்பு வெடித்தது. இந்த முறை அவளும் சிரித்தாள். முன்வரிசையில் அப்பா பக்கத்து ஆளிடம், "என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய இரண்டு அங்குலமும் திரும்பி வந்திருந்தது.

அப்போது யாரோ கிழக்கே கை நீட்டினார்கள். மேகம் விலகி, பழைய செம்புப் பாத்திரம் போல நிலா எட்டிப் பார்த்தது. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. மேடையில் நின்ற இரண்டு பேருக்கும் ஊரே முதுகு காட்டி நின்றது.

அவன் நிலாவைப் பார்க்கவில்லை.

"அங்க பாருங்க சார். இதுக்காகத்தானே ஊரைக் கூட்டினீங்க?"

"அது எப்ப வரும், எப்ப போகும்னு எனக்குத் தெரியும். நீங்க மறுபடி என்கிட்ட எப்பப் பேசுவீங்கன்னுதான் தெரியல. தினம் உங்க அச்சகம் இருக்கற தெருவழியாப் போவேன். உள்ள வரத் தைரியம் இல்ல..." அவன் மூச்சு வாங்கினான். "உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதைச் சுவாரசியமாச் சொல்லத் தெரியல."

அவள் குனிந்துகொண்டாள். "நான் இன்னொரு தப்புப் பண்ணா?"

"நம்ம வீட்டுக்குள்ள சொல்லுவேன். வெளியில மூச்சு விட மாட்டேன்."

"நம்ம வீடா?"

"வாய் தவறி..."

"தவறலையே." அவள் நிமிர்ந்தாள். அந்தப் பெரிய கண்களில் இப்போது கோபம் இல்லை. குரல் மட்டும் அவனுக்கு மட்டுமே கேட்கிற அளவுக்கு இறங்கியது. "அன்னைக்கு இருட்டுல நீங்க அந்த ஜோக்கைச் சொல்றதுக்கு முன்னாடியே, கட்டினா உங்களத்தான் கட்டிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் அந்த முடிவை மாத்த எவ்வளவோ முயற்சி பண்ணேன்..."

"என்ன ஆச்சு?"

"முடியல."